மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்பை எது நிறுத்த வேண்டும்?

பழைய பிரிட்டிஷ் காரான மொறிஸ் மைனரை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகப் பழகியிருக்கும். திறப்பைத் திருப்பியதும் பொனற்றுக்குள் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தொடங்கும். சில நொடிகளில் இடைவெளி கூடிக்கொண்டே போய், பிறகு நின்று விடும். எஸ்.யூ. நிறுவனத்தின் மின் பம்பு, எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்பரேற்றரின் மிதவைக் கிண்ணத்தை நிரப்பி முடித்து விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எஞ்சின் ஓடுகிறதா, நின்று விட்டதா என்று அந்தப் பம்புக்குத் தெரியாது. திறப்பு போட்டிருக்கும் வரை அதற்கு மின்சாரம் வரும். கிண்ணம் நிரம்பி, அதன் வாயிலிலுள்ள ஊசி வால்வு மூடினால் மட்டுமே நிற்கும். விபத்தில் ஹோஸ் கிழிந்து, எஞ்சினும் நின்று, ஓடியவர் அதிர்ச்சியில் திறப்பைத் திருப்ப மறந்து விட்டார் என்றால், மூடுவதற்கு வால்வு இல்லை. தாங்கி காலியாகும் வரை அல்லது பற்றரி சாகும் வரை பம்பு பெற்றோலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இன்றைய கார்களில் இந்த நிலைமை வராதபடி ஏதாவது ஒரு ஏற்பாடு இருக்கும். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை வந்த மைனரில் எதுவும் இல்லை.

அந்த ஏற்பாட்டை நாமே பொருத்த நான்கு வழிகள் இருக்கின்றன: மோதலில் 'விழும்', அதாவது தானே மின்சாரத்தை வெட்டும் இனேர்ஷியா சுவிட்ச், ஓயில் பிறஷர் சுவிட்ச், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் துடிப்பைப் பார்த்து ஓடும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கையால் வெட்டும் சுவிட்ச். என் முடிவை முதலே சொல்லி விடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த வயரிங்கும் பழைய எஸ்.யூ. பம்பும் உள்ள மைனருக்கு இனேர்ஷியா சுவிட்ச்தான் சரி. பம்பை மாற்றியவர்களுக்கும் வயரிங்கை மாற்றியவர்களுக்கும் பதில் வேறு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், இது யாருக்குத் தேவையில்லை? ஒஸ்ரின் ஏ30, ஏ35, சோமசெற் போன்ற கார்களிலும், இந்தியாவின் பத்மினியிலும் தொழிற்சாலைப் பம்பு எஞ்சினிலேயே பொருத்தப்பட்டது. எஞ்சினோடு சுழலும் கேம்ஷாப்ற்றின் குமிழ் ஒரு நெம்புகோலைத் தள்ளும், நெம்புகோல் பம்புக்குள் இருக்கும் டயபிரம் என்ற சவ்வை இழுக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்று விடும். அந்தப் பம்பை வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் மெக்கானிக்கல் பம்பு பழுதாகி, கைக்குக் கிடைத்த மின் பம்பு ஒன்றை வாங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் மைனர்காரரை விட மோசமான நிலையில் இருக்கலாம். அதற்குக் காரணம் பம்பு எங்கே இருக்கிறது என்பது.

மைனரில் தாங்கி பின்னால், டிக்கித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. பம்பு முன்னால், எஞ்சின் அறையின் பின்சுவரில், பற்றரிக்குப் பக்கத்தில். ஆகவே காரின் அடியில் ஓடும் நீளமான குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். கல் பட்டோ துரு பிடித்தோ அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் பம்பு பெரும்பாலும் காற்றைத்தான் இழுக்கும். கார் நின்று விடும், பெற்றோல் பீறிட்டு வராது. தாங்கி கார்பரேற்றரை விடத் தாழ்வாக இருப்பதால் தானாக வழிந்து வரவும் மாட்டாது. அழுத்தத்தில் இருக்கும் பகுதி பம்பிலிருந்து கார்பரேற்றர் வரையான குட்டி ஹோஸ் மட்டும்தான். அந்த அழுத்தமும் குறைவு.

அப்படியானால் பயம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குட்டி ஹோஸ் போய்ச் சேரும் இடம்தான் காரணம். மைனரின் ஏ சீரீஸ் எஞ்சினில் கார்பரேற்றரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்பரேற்றர் மேலே, கொதிக்கும் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் நேர் கீழே. மிதவைக் கிண்ணத்தின் மூடியிலிருந்து கசிவது எங்கே விழும் என்று பொனற்றைத் திறந்து ஒருமுறை பாருங்கள். முன்பக்க மோதலில் ரேடியேற்றர் பின்னுக்கு வந்து எஞ்சின் அசைந்தால் முதலில் இழுபடுவதும் இந்த ஹோஸ்தான்.

மின் பம்பைப் பின்னால் தாங்கிக்குப் பக்கத்தில் கொண்டு போய் வைத்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். ஃபசெற் போன்ற பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் அவ்வளவு இல்லை என்பதால் அவற்றைப் பின்னால் வைப்பதுதான் முறை. ஆனால் அப்போது காரின் அடியில் ஓடும் முழுக்குழாயும் அழுத்தத்தில் இருக்கும். எங்கே உடைந்தாலும் அங்கே பெற்றோல் கொட்டும். இப்படி மாற்றிய காருக்குப் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் என்றே சொல்வேன்.

இனி வழிகளுக்கு வருவோம்.

இனேர்ஷியா சுவிட்சுக்குள் நடப்பது மிக எளிமையானது. கூம்பு வடிவக் குழியில் ஒரு இரும்புக் குண்டு, அடியில் அதைப் பிடித்து வைத்திருக்கும் காந்தம். மோதலின் வேகத்தில் குண்டு காந்தத்தின் பிடியிலிருந்து விடுபட்டுக் கூம்பின் சரிவில் ஏறி, மேலேயுள்ள தட்டில் அடிக்கும். சுவிட்ச் திறந்து பம்புக்குப் போகும் மின்சாரம் வெட்டப்படும். உச்சியிலுள்ள பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். எந்தத் திசையிலிருந்து அடி வந்தாலும் வேலை செய்யும். கார் தலைகீழானாலும் குண்டு விழும். போர்ட், ஜாகுவார், லாண்ட் றோவர் எல்லாம் பல ஆண்டுகள் இதைத்தான் பாவித்தன. ஆகவே உடைத்து விற்கும் யார்டுகளில் பழையதும் கிடைக்கும், பாகக் கடைகளில் புதியதும் கிடைக்கும். பழையது வாங்கினால் அதன் பிளக்கையும் ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்து வாருங்கள். பிளக் தனியாகத் தேடுவது பெரிய அலைச்சல்.

மைனருக்கு இது பொருந்துவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மைனர் பொசிற்றிவ் ஏர்த் கார். பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு இணைகிறது. இன்றைய எலெக்ட்ரோனிக் கருவிகளில் பெரும்பாலானவை நெகற்றிவ் ஏர்த்துக்காகவே செய்யப்படுகின்றன. மாற்றிக் கொடுத்தால் எரிந்து போகும். இனேர்ஷியா சுவிட்சுக்கோ பிளஸ், மைனஸ் என்ற பேச்சே இல்லை. அது வயரை வெட்டும், அவ்வளவுதான்.

பொருத்துவதும் சுலபம். எஸ்.யூ. பம்பின் கறுப்பு மூடியில் கையால் கழற்றும் திருகு ஒன்றில் வெள்ளை வயர் மாட்டியிருக்கும். லூக்காஸ் வயரிங்கில் வெள்ளை என்றால் திறப்பிலிருந்து நேராக வருவது, பியூஸ் இல்லாதது. அந்த முனையைப் பம்பிலிருந்து கழற்றி, அதிலிருந்து புது வயரில் சுவிட்சுக்குப் போய், சுவிட்சிலிருந்து இன்னொரு வயரைப் பம்புக்குக் கொண்டு வந்தால் போதும். பழைய வயரிங் எங்கேயும் வெட்டுப்படாது. நாளைக்குக் காரைப் பழையபடி ஆக்க வேண்டுமென்றால் ஒரு திருகைக் கழற்றினால் சரி. இதே வேலையோடு புது வயரின் தொடக்கத்தில் ஒரு சிறிய பியூஸையும் போட்டு விடுங்கள். பம்பு வயர் உரசி ஷோர்ட் ஆனால் தொழிற்சாலை வயரிங்கில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. பாதுகாப்புக்காகப் போடும் வயரே தீக்குக் காரணமாகி விடக்கூடாது.

சுவிட்சை வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். பொத்தான் மேலே பார்க்க, நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்த்து வைத்தால் குண்டின் கணக்குப் பிழைத்து விடும். அதிரும் மெல்லிய தகட்டில் வைக்கக் கூடாது, கதவுத் தூணிலும் வேண்டாம். கதவை ஓங்கிச் சாத்தும் அடியில் விழுந்து விடும். பின்சுவரின் உட்பக்கம், பார்சல் தட்டுக்குக் கீழே, தகடு தடிப்பான இடம் நல்லது. எஞ்சின் சூட்டிலிருந்தும் பெற்றோல் ஆவியிலிருந்தும் விலகியிருக்கும், இருக்கையிலிருந்தபடியே கையும் எட்டும். வயர் சுவரைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் போட மறக்க வேண்டாம்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மோதல் இல்லாத ஆபத்து எதையும் இது பார்க்காது. ஊசி வால்வில் தூசி சிக்கிக் கார்பரேற்றர் வழிந்தாலும், ஹோஸ் வெடித்துக் கசிந்தாலும், குண்டு அசையாமல் தன் இடத்தில் இருக்கும். பெரிய பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் தேவையில்லாமல் விழுந்து விடும் வாய்ப்பும் உண்டு. அப்படி நடந்தாலும் எஞ்சின் உடனே நிற்காது. கிண்ணத்திலுள்ள பெற்றோல் தீரும் வரை ஓடும், கரையில் ஒதுக்கப் போதுமான நேரம் இருக்கும். இதனால்தான் சுவிட்சைப் பம்பு வயரில் மட்டும் போட வேண்டும் என்கிறேன். சிலர் கொயிலையும் சேர்த்து வெட்டும்படி வயர் செய்கிறார்கள். லொறிக்கு முன்னால் பள்ளத்தில் விழுந்த நேரத்தில் எஞ்சின் சட்டென்று நிற்பதை நான் விரும்ப மாட்டேன்.

ஓயில் பிறஷர் சுவிட்சின் யோசனை வேறு. எஞ்சின் சுழன்றால் ஓயில் அழுத்தம் இருக்கும், நின்றால் இருக்காது. ஆகவே அழுத்தம் இருந்தால் மட்டும் பம்புக்கு மின்சாரம் கொடு. செவ்ரோலெற் வேகா 1971ஆம் மாடலில் தாங்கிக்குள் மின் பம்போடு வந்தபோது இந்த முறையைத்தான் கையாண்டது. மோதலாலோ வேறு எதனாலோ, எஞ்சின் நின்றால் பம்பும் நின்று விடும். ஓயில் இல்லாமல் எஞ்சின் ஓடுவதையும் ஓரளவு தடுக்கும் என்பது கூடுதல் நன்மை.

மைனரின் ஓயில் விளக்குச் சுவிட்சையே இதற்குப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அது அழுத்தம் இல்லாதபோது மூடி விளக்கை எரிய வைப்பது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: அழுத்தம் வந்ததும் மூடுவது. இரண்டையும் பொருத்த எஞ்சின் புளொக்கில் ஒரு 'ரீ' இணைப்பு போட வேண்டும், புரி அளவு பார்த்து வாங்க வேண்டும், கசியாமல் இறுக்க வேண்டும்.

அதை விடப் பெரிய சிக்கல் ஸ்ராட் செய்வது. பல நாள் நின்ற காரில் மிதவைக் கிண்ணம் வற்றியிருக்கும். பம்பு ஓடினால்தான் கிண்ணம் நிரம்பும், ஓயில் அழுத்தம் வந்தால்தான் பம்பு ஓடும், எஞ்சின் சுழன்றால்தான் அழுத்தம் வரும். ஸ்ராட்டர் சுழலும் நேரத்தில் மட்டும் பம்புக்கு வேறு வழியால் மின்சாரம் கொடுக்கும் மூன்று முனைச் சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது. அதற்கு ஸ்ராட்டருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்சான சொலனொயிட்டிலிருந்து ஒரு வயர் வேண்டும். முந்தைய மைனர்களில் சொலனொயிட்டே இல்லை. டாஷ்போட்டில் குமிழை இழுத்தால் கேபிள் போய்த் தடித்த சுவிட்ச் ஒன்றை நேரடியாக அழுத்தும். அந்தத் தடித்த முனையிலிருந்து வயர் எடுக்கலாம்தான். ஆனால் பியூஸ் இல்லாத பற்றரிக் கேபிளில் போய்க் கை வைக்கும் வேலை அது. பம்பின் மின்னோட்டம் நேராக அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகப் போனால் அதன் முனைகள் கருகும் என்பதால் ரிலேயும் தேவைப்படும். ஒரு பம்பை நிறுத்த இவ்வளவு இணைப்புகள் மைனருக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

கொயிலின் துடிப்பைப் பார்க்கும் ரிலேதான் நான்கிலும் புத்திசாலித்தனமானது. கொயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பொயின்ற் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொயிலில் வரும் துடிப்பை அது கவனிக்கும். துடிப்பு வரும் வரை பம்பு ஓடும், துடிப்பு நின்றால் ஓரிரு நொடியில் பம்பும் நிற்கும். 1970களில் பெற்றோல் இன்ஜெக்ஷன் பரவியபோது, எஞ்சின் நின்றால் பம்பை எது நிறுத்துவது என்ற கேள்வி கூர்மையாயிற்று. பொஷ் நிறுவனத்தின் எல்-ஜெற்றொனிக்கில் காற்று உள்ளே போகும் தகட்டின் அசைவு பம்பை இயக்கியது. கே-ஜெற்றொனிக் கார்கள் பலவற்றில் துடிப்பைப் பார்க்கும் ரிலே வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரிலேக்களைத்தான் இன்று பழைய கார்களுக்கும் விற்கிறார்கள்.

திறப்பைப் போட்டதும் முதலில் ஓரிரு நொடி பம்பை ஓட விடும், ஸ்ராட்டர் சுழலும்போதும் துடிப்பு இருப்பதால் தானாகவே ஓடும். ஓயில் சுவிட்சுக்கு வந்த சிக்கல் இங்கே இல்லை. திறப்பைப் போட்டு விட்டு மறந்து போனாலும் பம்பு நின்றிருக்கும். ஆனால் பொசிற்றிவ் ஏர்த்தில் வேலை செய்யும் ரிலே என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். ரிலே போடுவதற்காகவே காரை நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றுவது தலைகீழான வேலை. ஏற்கெனவே டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரனேற்றர் போட்டு நெகற்றிவ்வுக்கு மாறியவர்களுக்கு அந்தத் தடை இல்லை. பின்னால் ஃபசெற் பம்பு வைத்திருக்கும் அவர்கள் இந்த ரிலேயையும் இனேர்ஷியா சுவிட்சையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராகப் போட வேண்டும். ரிலே மட்டும் போதாதா? பின்னால் இடிபட்டுக் குழாய் உடைந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ரிலே பம்பை ஓட விடும். அங்கே குண்டுதான் காப்பாற்றும்.

கையால் வெட்டும் சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டாஷ்போட்டுக்குக் கீழே ஒளித்து வைத்த சுவிட்ச் திருடனைத் தாமதப்படுத்தும். விபத்தில் கை அதைத் தேடிப் போகும் என்று நம்ப முடியாது. பற்றரி முனையில் மாட்டும் வெட்டி நல்ல பொருள். காரை நிறுத்தி வைக்கும்போது கழற்றி வைத்தால் பழைய வயரிங்கால் வரும் தீயைத் தடுக்கும், அதற்காகவே ஒன்று வாங்கலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது பற்றரியை மட்டும் வெட்டினால் டைனமோ தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும், கொயிலும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும். பந்தயக் கார்களில் கூடுதல் முனைகள் உள்ள வெட்டியைப் போடுவது அதனால்தான்.

எந்தச் சுவிட்சும் பழைய ஹோஸின் ஆபத்தைப் போக்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கசியும் ஹோஸை மேலே சொன்ன நான்கில் ஒன்றும் கண்டுபிடிக்காது. பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முதலில் ஹோஸை மாற்றுங்கள், சுவிட்ச் அடுத்த மாதம் வரட்டும். பிரிட்டனில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரண பெற்றோல் 10 சதவீதம் வரை எதனோல் கலந்து வருகிறது, இந்தியாவில் அது 20 ஆகி விட்டது. பழைய ரப்பரை எதனோல் மென்மையாக்கிப் பிளக்கச் செய்யும். எதனோலைத் தாங்கும் ஹோஸ் என்று அச்சிட்டதையே வாங்குங்கள். அதோடு கிளிப்புகளையும் மிதவைக் கிண்ணத்தின் ஊசியையும் புதிதாகப் போட்டு விட்டால் நல்லது.

இலங்கையில் இந்தக் கார்கள் காட்சிப் பொருளாக ஆகவில்லை. இன்றும் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகின்றன. பெற்றோல் தடையிருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயின. இலங்கையில் செய்த மைனர் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. இவ்வளவு காலம் காப்பாற்றிய வண்டியை ஒரு சிறிய மோதலில் தீக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குள் இருப்பவர்களை அதை விட.

பொருத்தி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். சுவிட்சை அது பொருத்தியிருக்கும் இடத்திலிருந்து கழற்றி, வயர் மாட்டியபடியே கையில் நிமிர்த்திப் பிடியுங்கள். கார்பரேற்றரில் ஹோஸைக் கழற்றி ஒரு உலோகப் பாத்திரத்துக்குள் விட்டுத் திறப்பைப் போட்டால் பம்பு நிற்காமல் அடிக்கும். இப்போது சுவிட்சின் பக்கத்தை உள்ளங்கையில் ஓங்கித் தட்டுங்கள். சத்தம் உடனே நிற்க வேண்டும். இதைத் திறந்த வெளியில், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, ஒருவர் திறப்பிலும் ஒருவர் பாத்திரத்திலும் நின்று செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, பொயின்ற் சரிபார்க்கும் வேலையோடு சேர்த்து, இதையும் திரும்பச் செய்யலாம்.

காரை ஓடும் எல்லாருக்கும் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்து நின்ற காரைச் சுற்றி நின்று கொயிலையும் பொயின்ற்றையும் கழற்றிக்கொண்டிருப்பார்கள். மோதலுக்குப் பிறகு என்றால், பொனற்றுக்குள்ளும் காரின் அடியிலும் குனிந்து பார்த்து, ஈரமும் இல்லை மணமும் இல்லை என்று தெரிந்த பிறகே அதை அழுத்த வேண்டும்.